பதினைந்தாவது வரி

செப்டம்பர் 7

உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதம் பெட்டிக்குள் கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் எங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த கம்பெனிக்காரர்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, வீடு எப்படி இருக்கிறது என்று ஒரு வருடத்துக்கு வாரம் ஒரு முறை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சூடு, ஈரம், விரிசல், ஒழுகல் எல்லாம் எழுத வேண்டுமாம். அஞ்சலாட்சி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு மட்டும் கொஞ்சம் தடித்த நோட்டு. முதல் வாரத்துக்கு "நன்று" என்று எழுதிவிட்டேன். அதில் எழுத முடியாததை எழுத இன்னொன்று வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இது.

உப்பனாற்றங்கரையில் குடிசை போட்டிருந்த எங்களுக்கு மேட்டில் கொடுத்த வீடு. கொத்தனார் கட்டியதில்லை. பெரிய இரும்புச் சட்டத்தில் தொங்குகிற மெஷின், கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் நகர்ந்துகொண்டே சிமெண்ட் கலவையைப் பிழியும். வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒரு வரி. வரிமேல் வரியாக இரண்டே நாளில் சுவர் எழும்பிவிடும். மேலே தகடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாலாம் நம்பர் மங்கை இதற்கு முறுக்கு வீடு என்று பேர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. எங்கள் வீடு ஒன்பதாம் நம்பர்.

சுவருக்குப் பூச்சு இல்லை, வரிகள் அப்படியே தெரிகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரைக்கும் மொத்தம் தொண்ணூற்றிரண்டு வரி. எண்ணிப் பார்த்தேன்.

செப்டம்பர் 10

படுக்கையறைக் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டேன். தனியாளாக இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இவர் ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டு, "அங்க நல்லாத்தான இருந்திச்சி, ஏன் இழுத்த?" என்றார். "ஃபேன் காத்து வரல" என்றேன். அங்கே கட்டிலுக்கு நேர் மேலேதான் ஃபேன். உள்ளே எட்டி ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கலியமூர்த்தியிடம் எனக்குப் பிடித்தது அதுதான், இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார். பேரை வாயால் சொல்லத்தான் கூடாது, எழுதினால் பரவாயில்லை.

செப்டம்பர் 16

ஜெசிந்தா வந்தாள். எங்கள் வீட்டுக்கு மெஷின் ஓட்டியவள் இவள்தான். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். இந்த வேலையை நம்பி ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் தங்கியிருக்கிறாள். இப்போது எங்களுக்குப் பின்னால் நாற்பது வீடு எழும்புகிறது, அங்கே வேலை.

நேராகப் படுக்கையறைக்குப் போனாள். முட்டி உயரத்தில் சுவரை உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினாள். "மழைக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா" என்றாள். டீ வேண்டாம் என்றாள். இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிறவள். நானும் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 21

கம்பெனி நோட்டில் எழுதியது: நன்று.

செப்டம்பர் 29

படுக்கையறையில் எறும்பு. சின்னக் கறுப்பு எறும்பு, கடிக்காது. வரிசையாக வந்து பதினைந்தாவது வரிக்கும் பதினாறாவது வரிக்கும் நடுவில் நுழைந்து காணாமல் போகிறது. மஞ்சள்தூள் வைத்து அடைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு முழம் தள்ளி, அதே வரியில் நுழைகிறது. வேறு வரியில் எங்கேயும் நுழையவில்லை. மண்டியிட்டுச் சுவர் முழுக்கத் தேடிவிட்டேன்.

அக்டோபர் 3

மகள் பாரதி போன் செய்தாள். ஏழு மாதம் முடியப் போகிறது. தீபாவளி முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறார்களாம். போன வருடம் கல்யாணத்தின்போதே சம்மந்தியம்மா சொல்லிவிட்டார், "பிரசவத்துக்குக் குடிசைக்கு எப்படி அனுப்பறது, ஆத்துல தண்ணி வந்தா என்னா பண்ணுவீங்க" என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அவரே போனை வாங்கி, "தலைப்பிரசவம் தாய் வூட்டுலதான் சம்மந்தி. இப்பதான் வூடு வந்திடிச்சே" என்றார்.

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். போனை வைத்துவிட்டுப் போய்ப் படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 12

முதல் மழை. இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியது. கூரை ஒழுகவில்லை. படுக்கையறைச் சுவரில் மட்டும், முட்டி உயரத்தில், நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி ஈரம். மேலேயும் கீழேயும் காய்ந்து கிடக்கிறது. கோடு மட்டும் கறுத்திருக்கிறது.

கோட்டுக்குள் ஒரு தலைமுடியை விட்டுப் பார்த்தேன், போயிற்று. பிளேடை விட்டேன், பாதி வரைக்கும் போயிற்று. கம்பெனி நோட்டில் "லேசான ஈரம்" என்று எழுதி, பிறகு ரப்பர் வைத்து அழித்துவிட்டு "நன்று" என்று எழுதினேன். ஏன் இந்த ஈரம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு எழுத மனமில்லை.

அக்டோபர் 14

எழுதிவிடுகிறேன். பாரம் இறங்குகிறதா பார்க்கலாம்.

வைகாசி மாதம் எங்கள் வீட்டுக்குச் சுவர் ஓடியது. வாசலுக்கு மெஷின் இடம் விட்டுக்கொண்டே போகும். சுவர் முழுக்க முடிந்த பிறகு கதவும் நிலையும் ஸ்குரு போட்டு மாட்டுவார்கள். அதுதான் கம்பெனி வழக்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீடு என்றால் நல்ல நேரம் பார்த்து நிலை வைக்க வேண்டாமா? நவதானியமும் காசும் அடியில் போடாமல், மஞ்சள் குங்குமம் வைக்காமல், தேங்காய் உடைக்காமல் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது? நிலை வைக்காத வீட்டுக்கு மருமகளை அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று சம்மந்தி வீட்டில் பேச்சு வரும். ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் முதலில் முடியவே முடியாது என்றாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருபது நிமிடத்துக்கு மேல் விடக்கூடாதாம். விட்டால் கீழ்வரி காய்ந்துபோகும், மேல்வரி ஒட்டாது. "இருபது நிமிஷம்னா இருபது நிமிஷம்தான்க்கா" என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். நான் அழுததால் ஒத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை, பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். பதினைந்தாவது வரி முடிந்ததும் மெஷினை நிறுத்தினாள். நிலைச்சட்டத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டு இவரும் இன்னொருவரும் நின்றார்கள். சம்மந்தி வரவில்லை. பஸ்ஸில் இருக்கிறேன், இதோ வந்துவிட்டேன் என்று போனில் சொன்னார். அவர் இல்லாமல் ஆரம்பித்தால் அது ஒரு வருத்தம். ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஜெசிந்தாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்ல வெயில், படுக்கையறைப் பக்கத்துச் சுவரில்தான் நேராக அடித்தது. சம்மந்தி வந்து சேர்ந்தது பதினொன்றரைக்கு. பூஜையை முடித்து, மெஷின் கை இடிக்கும் என்பதால் நட்ட நிலையை மறுபடி கழற்றி ஓரமாகச் சாத்தி, அவள் மெஷினைத் தொட்டபோது மணி பன்னிரண்டு. ஒன்றே கால் மணி நேரம்.

அப்படி ஆகிவிட்டால் காய்ந்த வரியைச் சுரண்டி, சிமெண்ட் பால் ஊற்றித்தான் தொடர வேண்டுமாம். அதற்கு மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், சொன்னால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அவள் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஓட்டினாள். ரிஜிஸ்தரில் "கரண்ட் கட், இருபது நிமிடம்" என்று எழுதினாள். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன்.

பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

அக்டோபர் 19

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வந்தாள். விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, பதினைந்தாவது வரிக்கும் பதினாறாவது வரிக்கும் குறுக்கே, இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டினாள்.

"சுவர் நகரலைன்னா இது அப்படியே இருக்கும். துளி நகர்ந்தாலும் உடஞ்சிரும்."

"நகராதுல்ல?"

"மூலையில எல்லாம் கம்பி விட்டிருக்குக்கா. மூலை நிக்கும்."

"நடுவுல?"

பசை டியூபின் மூடியைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

அக்டோபர் 20

தீபாவளி. பக்கத்தில் ஒவ்வொரு வெடி வெடிக்கும்போதும் உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். மங்கை அதிரசம் கொண்டுவந்தவள், "என்னாடி, பெட்ரூம்ல புதையலா வெச்சிருக்க, பூந்து பூந்து வர்ற" என்றாள். அவள் வீட்டில் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். எப்போதும் சத்தம், சிரிப்பு. அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. என் வீட்டைப் போல இருக்கிற வீட்டில்தான் அவளும் இருக்கிறாள், அவளுக்கு மட்டும் தூக்கம் வருகிறது.

அக்டோபர் 27

பாரதி வந்துவிட்டாள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, முகம் நிறைந்திருக்கிறது. சம்மந்தி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூடத்தில் கட்டிலைக் கண்டதும் நின்றுவிட்டார். "வாசலுக்கு நேரா புள்ளத்தாச்சி படுக்கறதா? பெட்ரூம் எதுக்கு இருக்கு?" அவரே முந்தானையைச் சொருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். இவர் மறுபக்கம் பிடித்தார். கட்டில் பழைய இடத்துக்கே போயிற்று. அந்த அறையில் கட்டில் போட வேறு சுவர் கிடையாது, ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் பீரோ.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சம்மந்தி, "எம் மவன் குடுத்து வெச்சவன், மாமியா வூடு சொந்த வூடு" என்றார். விழுங்கிவிட்டேன்.

அக்டோபர் 28

இனிமேல் நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கீழே பாய் போட்டுப் படுக்கிறேன். பாரதிக்குத் துணைக்கு என்று சொல்லியிருக்கிறேன். விழுந்தால் முதலில் என்மேல் விழட்டும். அதனால் அவளுக்கு என்ன பிரயோஜனம் என்று யோசித்தால் ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கேதான் படுக்கிறேன்.

நவம்பர் 5

கம்பெனி எஞ்சினியர் மாதப் பார்வைக்கு வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவார். கண்ணாடித் துண்டுக்கு முன்னால் தலையணைகளை அடுக்கி வைத்திருந்தேன். என் நோட்டைப் புரட்டி, "எல்லா வாரமும் நன்றா? பன்னெண்டு வீட்லயும் இதேதாம்மா எழுதியிருக்கீங்க. சேந்து உக்காந்து எழுதினீங்களா?" என்று சிரித்தார். பழைய ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டே, "இந்த சைட்ல கரண்ட் கட்தான் ஜாஸ்தி. எட்டு வீட்டுக்கு எழுதியிருக்கு" என்றார்.

எங்கள் மேட்டில் பகலில் அவ்வளவு கரண்ட் போகாது. நான் அதைச் சொல்லவில்லை. பேச்சு வளர்ந்தால் என் வீட்டுக்கு வந்து நிற்கும்.

நவம்பர் 13

கண்ணாடி உடைந்துவிட்டது.

காலையில் பெருக்கும்போது பார்த்தேன். நடுவில் நேராக, யாரோ கீறிவிட்ட மாதிரி இரண்டாக. மூன்று நாளாக விடாத மழை. ஒருவேளை தலையணை பட்டிருக்கும், பாரதி காலால் உதைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பிளேடை விட்டுப் பார்த்தேன். முழுசாக உள்ளே போய்விட்டது. எடுக்க நகம் போதவில்லை. அது உள்ளேயே இருக்கிறது.

அங்கன்வாடியிலிருந்து ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். எந்த இடத்தில் உடைந்தது என்று கேட்டாள். பிறகு, "நான் போய் எஞ்சினியர்ட்ட சொல்லிடறேன்க்கா. வேல போனா போகட்டும். நீங்க ஒரு வார்த்த சரின்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னால் உடனே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். ஒன்பது மாதக் கர்ப்பிணியை எங்கே கொண்டுபோவது? திரும்பவும் ஆற்றங்கரைக் குடிசைக்கா? சம்மந்தி என்ன சொல்வார்? "கொழந்த பொறக்கட்டும், ஒரு மாசம் பொறு" என்றேன்.

அவள் சொல்கிறேன் என்றாள், சொல்லாதே என்றது நான். இதை யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 24

ரேடியோவிலும் டிவியிலும் ஒரே பேச்சு. புயல் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கம் கரை ஏறுமாம். பாரதியின் துணிமணி, ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுவிட்டேன். புதன்கிழமை காலையிலேயே வலி வரும்போல இருக்கிறது என்று சொல்லி அவளையும் இவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். எங்கள் மூன்று பேருக்கும் அது போதும் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

நவம்பர் 27

நேற்று நடந்ததை எழுதுகிறேன். எழுதுவது பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து.

நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் பையை எடுக்கும்போது வாசலில் சத்தம். ஆற்றங்கரையில் இன்னும் குடிசையிலேயே இருப்பவர்கள் மூட்டை முடிச்சோடு மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோவில் மைக் வைத்து எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஓடு ஒழுகும், கக்கூஸ் நாறும். "ஒங்க வூடு சிமிட்டி வூடுல்ல அஞ்சலாட்சி, மலையாட்டம் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். மற்ற வீடுகளுக்கும் இப்படியே பிரிந்து போனார்கள். என் வீட்டில் இருபத்தாறு பேர். கூடம் ஈரமாக இருந்ததால் பிள்ளைகளைப் படுக்கையறைக்கு அனுப்பினார்கள்.

போய்ப் பார்த்தேன். ஒன்பது பிள்ளைகள், எல்லாம் என் அங்கன்வாடிப் பிள்ளைகள். மாதாமாதம் நான்தான் தராசில் தூக்கி வைப்பேன், ஒவ்வொன்றின் எடையும் எனக்கு மனப்பாடம். ஒன்பதும் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. பதினைந்தாவது வரி அவர்கள் தோளுக்குச் சரியாக இருந்தது. வெளியே காற்று ஆரம்பித்திருந்தது.

"எல்லாரும் எழுந்திரிங்க" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. கிட்டே போய்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன்.

"என்னா அஞ்சலாட்சி, எடம் இல்லன்னு சொன்னா போயிடுறோம், ஏன் புள்ளைங்கள இழுக்குற?" என்றாள் ஒருத்தி.

"எடம் இருக்கு. சொவுருதான் நிக்காது" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. நிலை வைத்தது, ஒன்றே கால் மணி நேரம், தண்ணீர் தெளித்தது, எறும்பு, பிளேடு, கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னேன். சம்மந்தி தாமதமாக வந்ததை மட்டும் சொல்லவில்லை. பாரதி கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் என்ன இங்க படுக்க வெச்சியாம்மா?" என்றாள் பாரதி.

சுவரோரம் பாய் போட்டுப் படுத்ததைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மங்கை அண்டா இரவல் வாங்க வந்தவள் வாசற்படியில் நின்றிருந்தாள். "பைத்தியமாடி ஒனக்கு? ஒரு கோடு தெரிஞ்சா வூடு வுழுந்துடுமா? நீ ஒருத்தி பயந்துகிட்டு ஊரையே மழையில எறக்குற" என்று கத்தினாள். கத்தினாளே தவிர முகத்தில் ரத்தமே இல்லை. அண்டாவை வாங்காமலே போய்விட்டாள். நாங்கள் மழையில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது, அவள் வீட்டிலிருந்தவர்களும் பின்னால் வந்தார்கள். "ஒம் பேச்சக் கேட்டு எங்க வூட்டுக்கு வந்தவங்களும் பயந்துட்டாங்க, நான் என்னா பண்றது" என்றாள்.

சாயங்காலம் புயல் கரை ஏறியது. பள்ளிக்கூட ஓடுகள் பறந்தன. ஒவ்வொரு காற்றுக்கும் எங்கள் மேட்டுப் பக்கம் காது கொடுத்தேன். எது விழுகிற சத்தம் என்று தெரியவில்லை.

நவம்பர் 28

வீடு நிற்கிறது.

பன்னிரண்டு வீடும் நிற்கின்றன. தகடு நாலைந்து பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மூலையில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. இவர் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். சுவரில் கை வைத்துத் தட்டிப் பார்த்தார். "நின்ன வூட்ட நீயே இடிச்சிட்ட" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 3

பெண் குழந்தை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு. இரண்டு கிலோ எண்ணூறு. சுகப்பிரசவம்.

சம்மந்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டு விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று இருந்தேன். பிளாஸ்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பிறகு, "அன்னக்கி பஸ்சு மாறி ஏறிட்டன் சம்மந்தி. போன்ல சொல்ல வெக்கமா இருந்திச்சி. நீங்க எனக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார்.

"நீங்க இல்லாம எப்படி ஆரம்பிக்கறது?"

பாரதியையும் குழந்தையையும் தன் வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்றார். சரி என்றேன். பாரதி கிளம்பும்போது என் பக்கம் திரும்பவில்லை. குழந்தையை மட்டும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

டிசம்பர் 9

விசாரணை. புயலன்றைக்கு நான் சொன்னது கம்பெனி வரைக்கும் போய்விட்டது. அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கே ஜெசிந்தா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாளாம். அழவில்லையாம். சைட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "வைகாசிக்குப் பெறகு நேத்துதான்க்கா நல்லாத் தூங்கினேன்" என்றாள். அவள் ஓட்டியது ஒன்பது, பத்து, பதினொன்றாம் நம்பர் வீடுகள் மட்டும். எங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மற்ற வீடுகளை ஓட்டிய ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ரிஜிஸ்தரில் இருபது நிமிடம் என்று இருக்கிறது, இருபது நிமிடம் அனுமதிக்குள் வரும், அதனால் அந்த வீடுகளில் பிரச்சினை இல்லை என்று எஞ்சினியர் சொன்னார். எங்கள் படுக்கையறைச் சுவரை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டித் தருவார்களாம்.

ஆனால் பின்னால் இருக்கும் நாற்பது வீட்டுக்குச் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒன்று மங்கையின் பெரிய மகனுக்கு வர வேண்டியது. குழாயடியில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். "ஒன் வாயால நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்குது. புயலுக்கே நின்ன வூடு. ஒனக்கு என்னாடி வந்திச்சி?" யாரும் அவளைத் தடுக்கவில்லை. என் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொல்வதுதான் சரியோ என்று தோன்றுகிறது. புயலுக்கே நின்ற வீடுதானே. ஒரு பெண்ணின் வேலை போயிற்று, மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனையும் ஒரு ஈரக்கோட்டைப் பார்த்துப் பயந்ததால்தானா?

டிசம்பர் 15

காலை பதினொரு மணிக்கு ஜேசிபி வந்தது. நேற்றே தகட்டைக் கழற்றி வைத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. சிலர் நான் தலைகுனிவதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். மங்கை முன் வரிசையில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் வீட்டுக்குள் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. இவர் என்னைவிட்டுத் தள்ளி, வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் நின்றார். சுவர் கெட்டியாக இருக்கும், இடிக்க அரை நாள் ஆகும் என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜேசிபியின் கை சுவரின் மேல் விளிம்பில் பட்டது. தள்ளக்கூட இல்லை, வாகு பார்க்கத்தான் வைத்தேன் என்று டிரைவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். இரண்டு மூலையும் அப்படியே நிற்க, நடுச்சுவர் முழுசாக ஒரே பலகையாக உள்பக்கம் சாய்ந்து படுத்தது. ஒரு சத்தம்தான். கட்டில் கிடந்த இடம், நான் பாய் போட்ட இடம், பிள்ளைகள் கால் நீட்டியிருந்த இடம், மொத்தமும் அதற்கு அடியில் போயிற்று. கீழே பதினைந்து வரி மட்டும் நின்றது. அதன் மேல்பக்கம் வழவழவென்று இருந்தது. ஒட்டவே இல்லை. இத்தனை நாளும் மேலே சும்மா வைத்திருந்த சுவர்.

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, ஓரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இவர் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "அதுங்கீழதான பாரதி படுத்திருந்திச்சி" என்றார். பதினேழு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "ஆமா" என்றேன். நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற நிம்மதி எனக்கு வரவில்லை. புயலன்றைக்கு வந்ததைவிடப் பெரிய பயம் இப்போதுதான் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். மங்கை. குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எங்க வூட்டுக்கு ரெண்டு மணி நேரம் நிறுத்தனாங்க அஞ்சலாட்சி. ராகு காலம் முடியட்டும்னு நான்தான் நிறுத்தச் சொன்னன். கரண்ட் கட்டுன்னு எழுதிக்கறன்னு அந்தத் தம்பி சொன்னாரு."

அவள் வீட்டைப் பார்த்தேன். டிவி சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"உள்ள யாரு இருக்கா?"

"மருமவளும் புள்ளைங்களும்."

"போயி வெளியில இஸ்துகிட்டு வா" என்றேன். ஓடினாள். மூன்று பேரையும் தெருவுக்கு இழுத்து வந்தாள், சின்னப் பையன் கையில் சோற்றுத்தட்டோடு வந்தான். பிறகு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் எஞ்சினியர் நின்ற இடத்துக்கு நடந்தோம். கூட்டத்தைத் தாண்டும்போது ஏழாம் நம்பர் கொளஞ்சி எழுந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.